அம்மா உட்கார்ந்த படம்

— “அம்மாவுக்கு உக்காரவே தெரியாதாப்பா?” இதத்தான் தம்பி கேட்டா எங்க பொண்ணு பிரின்சி. அப்ப அவ எல்கேஜி. இஸ்கூல்ல குடும்பப் படம் வரைஞ்சிக்கினு வரச் சொல்லியிருந்தாங்க. என்னை நாற்காலியில வரைஞ்சா. தன்னைத் தரையில வரைஞ்சா. இவள மட்டும் நிக்க வெச்சி வரைஞ்சா. ஏன்டி அம்மா நிக்குதுன்னு கேட்டதுக்குத்தான் இந்தக் கேள்வி.

— அருமை சார். நான் வசந்தகுமார், இந்த வனக்குடிலோட மேனேஜர். மேடம், நன்னாரி சர்பத் எடுத்துக்குங்க. உக்காருங்க மேடம்.

— பரவால்ல தம்பி. நின்னுக்கினே குடிக்கிறேன்.

— பாத்தியா? நான் சொன்னது கதையில்ல. மேரி, இது நம்ம ஊடு இல்ல. உக்காரு.

— பஸ்ஸுல உக்காந்துக்கினுதானேய்யா வந்தேன்.

— எங்க உக்காந்த? கும்மிடிப்பூண்டிலேர்ந்து கம்பியப் புடிச்சிக்கினு தொங்கிக்கினு வந்த. சீட்டு காலியா கெடந்துச்சு தம்பி. வயசானவங்க யாராச்சும் வந்தா வேணும்னு விட்டு வெச்சாளாம். பஸ்ஸுல வயசானவங்களே இல்ல. இருந்ததுல நான்தான் பெருசு.

— அடுத்த ஸ்டாப்புல ஏறுவாங்க இல்ல?

— கேட்டுக்கோ தம்பி. இவ கணுக்காலப் பாரு, கட்டு போட்டிருக்கு. பேக்கிங் செக்‌ஷன்ல நின்னு நின்னு நரம்பு சுருட்டிக்கினு புண்ணாயிடுச்சு. டாக்டரம்மா கண்டிசனா சொல்லிட்டாங்க. இப்பவே காலத் தூக்கி வெச்சி ரெஸ்ட்டு குடுத்தா ஆறும், இல்லன்னா ஆஸ்பத்திரில சேத்து தோலு வெச்சித் தைக்கணும்னு. ஊட்ல இருந்தா இவ படுக்க மாட்டா. அதான் பிரின்சி ஓசூர்லேர்ந்து ஆன்லைன்ல உங்க எடத்தப் புடிச்சா. இயற்கையா இருக்குமாம், வேலை ஒண்ணும் இருக்காதாம்.

— கரெக்ட் சார். இங்க சும்மா இருக்கறதுதான் கான்செப்ட்.

— அவ ஒண்ணே ஒண்ணு கேட்டா. அம்மா உக்காந்துக்கினு இருக்கற மாதிரி ஒரு போட்டோ. அது வரலன்னா வேலைய உட்டுட்டு ஊட்டுக்கே வந்து அம்மாவக் காவல் காக்கப் போறாளாம். இப்பத்தான் தம்பி வேலையில சேந்தா. சொன்னா செய்வா. பிடிவாதத்துல அவங்கம்மா மாதிரி.

— போட்டோ நான் எடுத்துத் தரேன் சார். ஏன்னா உங்க செல்போனை இந்தப் பானையில போட்டுடணும். டிஜிட்டல் விரதம்.

— இந்தா நைனா. சட்டப் பையில இருக்கறதெல்லாம் அப்படியே கவுத்துட்டேன். பத்திரமா வெச்சிக்கோ.

— தேங்க்ஸ் சார். எதுனாலும் எங்க ஸ்டாஃப்கிட்ட கேளுங்க. பச்சைக் கோட்டு, பச்சைத் தலைத்துணி கட்டிக்கினு இருப்பாங்க. கெஸ்ட் ஒண்ணு சொன்னா முடியாதுன்னு சொல்லக் கூடாது, அதான் இங்க ரூல். வாங்க, இதுதான் உங்க குடில். மண் சுவரு, கீத்துக் கூரை, சாணி மெழுகின தரை. ஃபேன் கிடையாது, டிவி கிடையாது.

— மேரி, நமக்குத் தளம் போட்ட ஊடு கெடைக்கறதுக்கு எத்தினி வாட்டி தாலுக்கா ஆபீசுக்கு நடந்தோம்?

— சும்மா இருய்யா. அந்தத் தம்பி இன்னா நினைப்பாரு.

— கூரையில வெளிச்சம் அடிக்குதே, ஓட்டையா நைனா?

— அது நாங்க விட்டது சார். நிலா தெரியறதுக்கு.

— மழ வந்தா?

— மழையும் தெரியும் சார்.

— இன்னா மேரி, ஊட்டுக்கு வந்த மாதிரி இருக்கா? இந்தா, அந்த ஓலைத் தட்டி எதுக்கு அவ்ளோ ஒசரமா கட்டியிருக்கீங்க?

— அந்தப் பக்கம் பார்க்காதீங்க சார். அங்க ஒரு ஃபேக்டரி சிம்னி இருக்கு. நேச்சர்ல சேராது.

— அடப்பாவி. சத்தம் கேக்கும்போதே நினைச்சேன், அது நான் கிரேன் ஓட்டுன ரோலிங் மில்லு. ரெண்டு பஸ்ஸு மாறி இயற்கையத் தேடிக்கினு எங்க மில்லுக்குப் பின்னாடி வந்திருக்கேன் மேரி.

— காலையில அதுல புகை வரும்போது பனிமூட்டம்னு கெஸ்ட்டுங்க சந்தோஷப்படறாங்க சார். தயவுசெஞ்சு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.

*

— மேரி, என் கண்ணாடியப் பாத்தியா?

— நேத்து சாயந்தரத்துலேர்ந்து இதையேதான் கேக்கற. பையில இல்லையா?

— பை, தலகாணி, உன் மூட்டை எல்லாத்தையும் கவுத்துட்டேன். கண்ணாடி இல்லன்னா கை நீட்டற தூரத்துக்கு அப்பால எனக்கு எல்லாம் புகைதான். நேத்து குளத்தாண்ட ஒரு பெரியவரு நின்னுக்கினு இருந்தாரு. வணக்கம்யான்னேன். பதில் இல்ல. சாப்டீங்களான்னேன். அதுக்கும் இல்ல. கிட்டப் போயித் தொட்டுப் பாத்தா சிமெண்டுல செஞ்ச கரடி.

— கரடிகிட்டப் போயி சாப்டியான்னு கேட்ட ஆளு நீ ஒருத்தன்தான்.

— மரியாதை கெட்ட கரடி. அது கெடக்கட்டும், நீ தூங்குனியா?

— எங்க தூங்கறது? கட்டிலுக்கு அடியில யானை கத்துது.

— அது ஸ்பீக்கரு. பானைக்குள்ள வெச்சிருக்கான். காட்டுச் சத்தமாம். அத நிறுத்துப்பான்னு கேட்டா, யானைய மட்டும் தனியா நிறுத்த முடியாதாம், நிறுத்தினா வண்டும் நின்னுடுமாம். அது போதாதுன்னு நெசத் தவளை வேற வந்து போட்டிக்குக் கத்துது. நல்லவேளை, விடியக்காலையில மில்லு சங்கு ஊதிச்சு. அதுக்கப்புறந்தான் எனக்குக் கண்ணு சொருகிச்சு.

— அப்ப நீ போயி நாஷ்டா துன்னு. அப்படியே குளத்தச் சுத்திட்டு மெதுவா வா. நீ இங்க பொலம்பிக்கினு கெடந்தா நான் எப்படிப் படுக்கறது?

— படுக்கப் போறியா? நீயா?

— கதவச் சாத்திக்கினு படுக்கறேன். நாஷ்டா நேரத்துல வந்து தட்டாத. அந்தத் தம்பியும் தட்ட வேணாம்னு சொல்லிடு.

— சத்தியமா?

— சத்தியம் பண்றது பாவம்.

— அதுவும் சரிதான். போட்டோ எப்ப?

— தூங்கி எந்திரிச்சப்புறம் பாக்கலாம். போய்யா.

— பொழுது எங்க உதிச்சிதுன்னு பாக்கணும். சரி, நான் போயி ஆபீஸ் ரூமாண்ட எங்கயாச்சும் கண்ணாடி விழுந்து கெடக்குதான்னு பாக்கறேன். கரடி எதுனா பாத்துச்சான்னு அதையும் கேக்கறேன்.

*

— வா ஸ்நேகா. அவரு போயிட்டாரு. சீக்கிரம் படு.

— வேணாம் பெரிம்மா. கெஸ்ட்டு கட்டில்ல நான் படுத்தா வசந்த் சாரு இன்னா சொல்வாரு? ஏதோ நேத்து கொமட்டுச்சு, சரியாப் போயிடும்.

— நேத்து மரத்தப் புடிச்சிக்கினு நின்னத நான் பாத்தேன். எத்தினி மாசம்?

— நாலு. யாருக்கும் சொல்லல பெரிம்மா. சாரு நல்லவருதான். ஆனா தெரிஞ்சா, ஊட்ல போயி ரெஸ்ட் எடுன்னு அனுப்பிடுவாரு. வேற ஆளு வந்துடும். புள்ள பொறந்தப்புறம் திரும்பி வந்தா எனக்கு எடம் இருக்காது. எங்க ஊட்டுக்காரரு ஆரம்பாக்கத்துல லாரி ஓட்டினாரு, இப்ப அதுவும் இல்ல.

— சரி. அந்தக் கோட்டக் கழட்டு. தலைத்துணியும் குடு.

— எதுக்கு?

— நான் பெருக்கறேன். நீ படு.

— தேவுடா! உங்க காலுல கட்டு போட்டிருக்கு பெரிம்மா. உங்களப் படுக்க வெக்கத்தான் உங்க பொண்ணு அனுப்பியிருக்குன்னு ஐயா எல்லார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காரு. தண்ணி ஊத்தற தாத்தா வரைக்கும் சொல்லிட்டாரு.

— அவரு கரடிகிட்ட கூட சொல்லியிருப்பாரு. அது என் காலு, நான் பேசிக்கிறேன். இன்னா வேலைன்னு சொல்லு.

— மொதல்ல அந்த மூட்டையில இருக்கற சருக கொட்டணும். அப்புறம் பெருக்கணும்.

— கொட்டினதையேவா?

— ஆமா பெரிம்மா. ஆரணிலேர்ந்து மூட்டை மூட்டையா வாங்கிக்கினு வராங்க. கெஸ்ட்டு காலையில நடக்கும்போது காலடியில சரக்கு சரக்குன்னு சத்தம் வரணுமாம். நாஷ்டா முடிஞ்சதும் பெருக்கிடணும். அதுக்கு மேல கெடந்தா பாம்பு இருக்கும்னு பயந்துக்கறாங்களாம். பெருக்கினத மறுபடியும் மூட்டை கட்டி வெக்கணும், நாளைக்கிக் கொட்டறதுக்கு.

— ஆண்டவரே. இன்னாத்தச் சொல்றது. சரி, நீ அந்தத் தலகாணிய வெச்சிப் படு.

— ஏன் பெரிம்மா? நேத்துதான என்னப் பாத்தீங்க. நான் யாரோ, நீங்க யாரோ.

— நானும் ஒருத்திக்கு யாரோதான். பிரின்சி வயித்துல இருந்தப்போ பேக்கிங் லைன்ல நின்னேன். நாற்காலி போட மாட்டாங்க. பக்கத்துல சின்னப்பொண்ணுன்னு ஒருத்தி. பேர் தெரியும், அவ்ளோதான். ஒருநாளு எனக்குக் கண்ணு இருட்டிக்கினு வந்துச்சு. அவ ஒண்ணும் கேக்கல. என் கையப் புடிச்சி இழுத்துக்கினு போயி அட்டப்பொட்டி அடுக்குக்குப் பின்னாடி படுக்க வெச்சா. அவ பொட்டியும் அவளே கட்டினா, என் பொட்டியும் அவளே கட்டினா. பிரசவத்துக்குன்னு நான் வேலையிலேர்ந்து நிக்கற வரைக்கும் தெனமும் அப்படித்தான். சூப்பர்வைசரு வந்து எங்க மேரின்னு கேட்டா, பாத்ரூம்னு சொல்வா. பாத்ரூமுக்குள்ளயே மாசக்கணக்கா இருந்தவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

— அவங்க இப்ப எங்க இருக்காங்க?

— புள்ளயத் தூக்கிக்கினு காட்டப் போனேன். லைனையே மூடிட்டாங்க. ஆர்.கே.பேட்டை பக்கம் போயிட்டான்னாங்க. அங்கயும் போயி கேட்டேன், அப்படி யாரும் இல்லன்னுட்டாங்க. ஒரு வார்த்தை நன்றின்னு அவ மூஞ்சப் பாத்து நான் சொல்லல ஸ்நேகா. அன்னிலேர்ந்து எங்க உக்காந்தாலும், எனக்காக அவ இன்னும் நின்னுக்கினு இருக்கற மாதிரியே தோணும். எந்திரிச்சிடுவேன்.

— அதான் உங்களுக்கு உக்காரத் தெரியாதுன்னு ஐயா சொல்றாரா?

— அவருக்கு இதெல்லாம் தெரியாது. நீயும் யாருக்கும் சொல்லாத. போர்வைய மூஞ்சி வரைக்கும் இழுத்துக்கோ. யாராச்சும் கூப்புட்டா இருமு. நான் படுத்தா இருமுவேன்.

— நீங்க படுத்தே யாரும் பாத்ததில்லையே பெரிம்மா.

— அப்ப ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது. படு.

*

— ஏம்மா, பெருக்கற அம்மா. கொஞ்சம் நில்லு.

— ம்.

— பயப்படாத. பேச்சுத் தொணைக்குத்தான் கூப்புட்டேன். கண்ணாடி தொலைஞ்சி போச்சு எனக்கு. பச்சையா ஏதோ அசையறது தெரியுது, அத வெச்சித்தான் ஸ்டாஃபுன்னு கண்டுபுடிச்சேன். மூஞ்சியில துணி கட்டியிருக்கியா? தூசியா?

— ம்.

— பேசக் கூடாதுன்னு ரூலா?

— ம்.

— இருக்கும், இருக்கும். இங்க எல்லாத்துக்கும் ஒரு கான்செப்ட் வெச்சிருக்காங்க. சரி, நீ பேசாத, நான் பேசறேன். எங்க ஊட்டுக்காரி அந்தக் குடிசையில படுத்துக்கினு இருக்கா. தட்டக் கூடாதுன்னு நான் சொல்லியும் மேனேஜரு இளநி எடுத்துக்கினு போயிருக்காரு. போர்வைக்குள்ளேர்ந்து இருமுனாளாம். எவ்ளோ நல்ல விஷயம் பாரு. நீ சாதாரணமா நினைக்கலாம். எங்க ஊட்ல அது அதிசயம்.

— ம்.

— எனக்கு ஒரே ஒரு ஆசம்மா. அவ கூட உக்காந்து ஒரு டீ குடிக்கணும். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து. அவ டீயக் குடுத்துட்டு நிப்பா. நான் குடிக்கற வரைக்கும் நிப்பா. டம்ளர வாங்கிக்கினு போயிடுவா. கோயில்லயும் அப்படித்தான். சாமியாரு பிரசங்கம் வெச்சா ஊரே உக்காரும். இவ பின்னாடி போயி யாரு புள்ளையாச்சும் அழுதுக்கினு இருந்தா அத வாங்கித் தோள்ல போட்டுக்கினு நிப்பா. ஏன் இப்படிப் பண்றன்னு கேட்டா சொல்ல மாட்டா. நானும் கேக்கறத விட்டுட்டேன். ஏதோ இருக்கும். அவ மனசுல தப்பா எதுவும் இருக்காதுன்னு மட்டும் தெரியும்.

— ம்.

— இன்னா, பெருக்கறத நிறுத்திட்ட? ஆமா, நீ நொண்டற மாதிரி தெரியுது. இல்ல, என் கண்ணுதான் நொண்டுதா?

— ம்கூம்.

— அந்தத் தொடப்பத்தக் குடு.

— வேணாங்க.

— பேசிட்ட பாத்தியா. போச்சு ரூலு. குடு இங்க. கெஸ்ட்டு சொன்னா முடியாதுன்னு சொல்லக் கூடாது, அதுவும் ரூலுதான். அந்த மூங்கில் நாற்காலியில உக்காரு.

— ம்கூம்.

— அப்ப மேனேஜரக் கூப்புடவா? இந்த ஸ்டாஃபு கெஸ்ட்டு பேச்சக் கேக்கலன்னு சொல்லவா? தண்ணி ஊத்தற தாத்தா சொன்னாரே, நேத்து கொமட்டிக்கினு நின்னுச்சுன்னு, அந்த ஸ்நேகாவா நீ? உன் பேருலதான் புகாரு போகும்.

— வேணாங்க. உக்காருறேன்.

— ஆங். நல்லா சாஞ்சி உக்காரு. காலத் தூக்கி அந்தக் கரடி மேல வெச்சிக்கோ. அது ஒண்ணும் சொல்லாது, எனக்குப் பழக்கம்தான். இரு, எனக்கு ரெண்டு டீ வெச்சிட்டுப் போயிருக்காங்க. ஊட்டுக்காரிக்கும் சேத்து. அவதான் தூங்கறாளே. இந்தா, நீ குடி. சக்கரை தூக்கலா இருக்கும். புடிக்குமா?

— ம்.

— இன்னா அப்படிப் பாக்கற? நான் பெருக்கறது கோணலா இருக்கா? வாழ்க்கையெல்லாம் கிரேனுல குந்திக்கினு இருந்த ஆளும்மா நான். மேலேர்ந்து பாத்தா எல்லாம் சுத்தமாத்தான் தெரியும்.

— சார்! என்ன சார் இது? தொடப்பத்த கீழ போடுங்க சார்!

— வா தம்பி வசந்தகுமாரு. கத்தாத, அவங்க டீ குடிக்கறாங்க.

— ஸ்நேகா, எந்திரி! கெஸ்ட்டு பெருக்கறாரு, நீ கரடி மேல கால் போட்டுக்கினு டீ குடிக்கிற. என்ன சார் நடக்குது இங்க?

— இதுவா? கான்செப்ட்.

— சார், விளையாடாதீங்க சார். மூணாம் நம்பர் குடில்ல இருக்கறவங்க பாத்துக்கினு இருக்காங்க. ஓனருக்குத் தெரிஞ்சா இந்தப் பொண்ணுக்கு வேலை போயிடும்.

— நீ உக்காந்துக்கோம்மா, எந்திரிக்காத. தம்பி, உன் போர்டுல இன்னா எழுதியிருக்க? நாத்து நடும் அனுபவம். ஏத்தம் எறைக்கும் அனுபவம். சாணி தட்டும் அனுபவம். எங்கம்மா அதெல்லாம் செஞ்சி செஞ்சே முதுகு ஒடிஞ்சி போனாங்க, அப்ப அதுக்கு அனுபவம்னு பேரு வெக்கலாம்னு யாருக்கும் தோணல. சரி, அதெல்லாம் போட்டியே, பெருக்கும் அனுபவம் எங்க? மெட்ராஸ்ல எல்லார் ஊட்லயும் இப்ப தட்டு மாதிரி ஒரு மிஷினு தானா சுத்திக்கினு பெருக்குதாம். தொடப்பத்தத் தொட்டே வருஷக்கணக்கா ஆயிருக்கும். அந்த மூணாம் நம்பர்காரங்களப் போயிக் கேளு.

— கேக்கறதா? சார், அவங்க… ஒரு நிமிஷம். சொல்லுங்க மேடம்! ஆமா மேடம். இல்ல மேடம், அது… அப்படியா மேடம்?

— இன்னாவாம்?

— அடுத்த தொடப்பம் எப்ப கெடைக்கும்னு கேக்கறாங்க சார். அந்தச் சருகு சத்தம் மனசுக்கு இதமா இருக்காம்.

— போயிக் குடு. கரடி தலையில சாத்தி ஒண்ணு இருக்கு.

— ஆனா சார், ஸ்நேகா உக்காந்திருக்காளே, அத என்னன்னு சொல்றது?

— வாத்தியாரம்மா. நாத்து நட சொல்லிக்குடுக்க ஆளு இருக்குல்ல? பெருக்க வேணாமா? சொல்லிக்குடுக்கறவங்க உக்காந்துதான் சொல்லுவாங்க. நின்னா வேலைக்காரின்னு நினைச்சிடுவாங்க.

— கரெக்ட் சார். இத எப்படி நான் யோசிக்காம விட்டேன்? பெருக்கும் அனுபவம், பயிற்சியாளர் ஸ்நேகா. போர்டு இன்னிக்கே எழுதிடறேன். ஸ்நேகா, நாளையிலேர்ந்து நீ தொடப்பத்தத் தொடாத. இந்த நாற்காலியிலயே உக்காந்துக்கோ. கரடியும் இருக்கட்டும்.

— ம்.

— தம்பி, சொல்லிக்குடுக்கற ஆள அடிக்கடி மாத்தக் கூடாது. நடுவுல ஒடம்பு கிடம்பு சரியில்லாம அவங்க கொஞ்ச நாள் லீவு போட்டாலும், எடத்த வெச்சிருந்து குடுக்கணும். தெரிஞ்சவங்க இல்லன்னா அனுபவம் கெட்டுடும்.

— நிச்சயமா சார். ட்ரெய்னர மாத்த முடியுமா? சார், அப்படியே நில்லுங்க, விளம்பரத்துக்கு ஒரு போட்டோ. ஸ்நேகா, அசையாத. டீய வாய்கிட்ட வெச்சிக்கோ. துணிய லேசா எறக்கு… போதும், போதும். சிரிக்கிறியா? கண்ணு சிரிக்குது, சூப்பர்.

— அந்தப் போட்டோ எனக்கும் வேணும் தம்பி. போகும்போது என் போனுக்கு அனுப்பு.

*

— மேரி, சீட்டு காலியா இருக்கு. இப்பவும் யாருக்காச்சும் விட்டு வெக்கப் போறியா?

— தள்ளு. ஜன்னலோரம் எனக்கு.

— இன்னாது?

— தள்ளுய்யா. காலு வலிக்குது.

— முன்னாடியும்தான் வலிச்சிது.

— இப்ப உக்காரலாம்னு தோணுது. உனக்கு இன்னா? பையக் குடு, மடியில வெச்சிக்கிறேன்.

— இல்ல, நானே வெச்சிக்கிறேன். நீ சும்மா உக்காரு. அந்தப் பொண்ணு ஸ்நேகா வாசல் கேட்டு வரைக்கும் வந்து உன் கையப் புடிச்சிக்கினு அழுதுச்சே, எதுக்கு?

— அதுவா? வாத்தியாரா ஆயிடுச்சுல்ல. சந்தோஷம். நல்ல பொண்ணு.

— ஆமா. காலையில கூட மூணாம் நம்பர் அம்மாவ, குனிஞ்சி பெருக்குங்க மேடம்னு அதட்டிக்கினு இருந்துச்சு. அந்தம்மா சரிங்க மேடம்னு குனியறாங்க.

— யோவ், சிரிக்காத. போட்டோ எடுக்கவே இல்லையே. பிரின்சிக்கு இன்னா சொல்றது? அவ பொட்டியத் தூக்கிக்கினு வந்து நிக்கப் போறா. இரு, இப்பத்தான் உக்காந்திருக்கேனே, இங்கயே ஒண்ணு எடு.

— வேணாம். நேத்து எடுத்ததயே அனுப்பிட்டேன்.

— நேத்து எதுய்யா எடுத்த?

— மேனேஜர் தம்பி எடுத்தது. நான் பெருக்கறேன், பக்கத்துல ஒரு அம்மா கரடி மேல கால் போட்டுக்கினு டீ குடிக்குது.

— அது ஸ்நேகாய்யா. அத போயி அனுப்பியிருக்க. பிரின்சி கோச்சிக்க மாட்டாளா? இன்னா சொன்னா?

— எல்கேஜியில கேட்டதுக்கு இப்பத்தான் பதில் அனுப்பியிருக்கப்பான்னு சொன்னா. இந்தப் படத்தையே பிரேம் போட்டு ஊட்ல மாட்டணுமாம். வேலைய விட மாட்டாளாம்.

— மூஞ்சியில துணி கட்டிக்கினு இருக்கற பொம்பளையப் பாத்தா? உனக்குத்தான் கண்ணாடி இல்ல, அவளுக்குமா கண்ணு தெரியல?

— செல்போனு போட்ட பானைக்குள்ளயே இருந்துச்சு மேரி என் கண்ணாடி. நேத்து நாஷ்டாவுக்கு முன்னாடியே எடுத்துட்டேன்.